இளநீர் எதிரியாகும்போது

சிறுநீரகம் பழுதானவரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் வலி தெரியாது, காய்ச்சல் வராது, இதயம் நின்றுவிடும். எளிய ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடக்கூடிய ஆபத்து இது.

ஆந்திராவின் வடகோடியில், வங்கக் கடலை ஒட்டி, ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது உத்தானம். தோட்டம் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். இச்சாபுரம், கவிட்டி, சோம்பேட்டா, பலாசா என்று நீளும் இந்தப் பகுதியில் தென்னை, முந்திரி, பலா மூன்றுக்கும் குறைவில்லை. ஆனால் உத்தானம் என்றதும் நாட்டின் மருத்துவர்களுக்கு நினைவுக்கு வருவது தோப்புகள் அல்ல, நாள்பட்ட சிறுநீரக நோய். நீரிழிவும் ரத்த அழுத்தமும் இல்லாத விவசாயக் கூலிகளுக்குக்கூட இங்கே சிறுநீரகம் சுருங்கிப் போகிறது. குடிநீர், பூச்சிமருந்து, வெயிலில் உழைக்கும்போது ஏற்படும் நீரிழப்பு, வலி மாத்திரை என்று சந்தேகங்கள் பல. எது குற்றவாளி என்பது இன்னும் உறுதியாகவில்லை. 2023 டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் சிறுநீரக ஆராய்ச்சி மையமும் திறக்கப்பட்டன.

இந்த ஊர்க்காரர் ஒருவர் டயாலிசிஸ் வரை வந்துவிட்டால் அவர் கையில் ஒரு பட்டியல் கொடுக்கப்படும். அத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுபவை மூன்று: இளநீர், முந்திரி, பலாப்பழம். தோப்பில் பிறந்து, தோப்பில் உழைத்து, தாகத்துக்கு இளநீர் வெட்டிக் குடித்தே பழகிய மனிதருக்கு அதுவே இப்போது ஆபத்து என்று சொன்னால் நம்புவது கடினம். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நாடே நம்பும் பானம் அல்லவா அது?

நம்பித்தான் ஆகவேண்டும். காரணம் பொட்டாசியம்.

ஆரோக்கியமான இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி முழுவதும் உடலுக்கே திரும்புகிறது. எதைத் திருப்புவது, எதைத் தள்ளுவது என்ற கணக்கில்தான் உயிர் இருக்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம், பைகார்பனேட் ஆகிய உப்புகள் ஒவ்வொன்றும் ரத்தத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறுகிய எல்லை உண்டு. மருத்துவர்கள் இவற்றை எலெக்ட்ரோலைட்டுகள் என்கிறார்கள். உப்புக் கருவாடு தின்ற நாளிலும் பட்டினி கிடந்த நாளிலும் அந்த எல்லை மாறாமல் பார்த்துக்கொள்வது சிறுநீரகம். அது பழுதானால் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறுவதை எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கக்கூடியவை இந்த உப்புகள்தான்.

இரண்டு சதவீதத்தின் சூழ்ச்சி

உடலில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்திலும் இருப்பது வெறும் 2 சதவீதம். எடை போட்டால் இரண்டேகால் கிராம் தேறும். இந்த உள்-வெளி வித்தியாசத்தை வைத்துத்தான் நரம்பும் தசையும் மின்துடிப்பை உண்டாக்குகின்றன. இதயம் துடிப்பதும் அப்படித்தான். ஒரு லிட்டர் ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். (பல பரிசோதனைக் கூடங்களின் தாளில் மில்லி ஈக்குவலன்ட் என்று இருக்கும், எண் ஒன்றுதான்.) 5.5-ஐத் தாண்டினால் கவலை. 6.5-ஐத் தாண்டினால் அவசர சிகிச்சை.

ஓர் இளநீரில் அதன் அளவைப் பொறுத்து 500 முதல் 700 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும். அதாவது செல்களுக்கு வெளியே உள்ள மொத்தப் பொட்டாசியத்தில் ஏறத்தாழ கால் பங்கு. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இது பொருட்டே அல்ல. இன்சுலின் அதைச் செல்களுக்குள் தள்ளிவிடும். சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். சிறுநீரே வராதவருக்கு அது போக வழியில்லை. வெயிலில் இரண்டு மூன்று இளநீர் குடித்துவிட்டு, அந்த வேகத்தில் ஒரு வாழைப்பழமும் தின்றால் ரத்தத்தின் எண் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மோசம் என்னவென்றால், உடல் எச்சரிப்பதில்லை. சிலருக்குக் கால் கனக்கும், எழுந்து நிற்க முடியாமல் போகும். பலருக்கு எதுவுமே தெரியாது. ஈ.சி.ஜி. எடுத்தால் கோட்டின் ஒரு அலை கூடாரம்போல் கூர்மையாக உயர்ந்து நிற்கும். பிறகு அலைகள் அகன்று, ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் நேர்கோடாகும். எல்லோருக்கும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்றும் இல்லை. ஈ.சி.ஜி. சரியாக இருந்தவருக்கே திடீரென இதயம் நின்றிருக்கிறது. திறந்த இதய அறுவை சிகிச்சையின்போது இதயத்தை வேண்டுமென்றே நிறுத்திவைக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது பொட்டாசியம் கலந்த திரவம் என்பதை நினைத்தால் அதன் வலிமை புரியும்.

செயற்கைச் சிறுநீரகத்தின் சரித்திரத்திலும் பொட்டாசியத்துக்கு ஓர் இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்தபோது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சிலர் முதலில் தேறியவர்கள்போல் தெரிந்து, சில நாட்களில் இறந்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கொட்டிய பொருட்கள் சிறுநீரகத்தை அடைத்துவிட்டன என்று எரிக் பைவாட்டர்ஸ் 1941-ல் எழுதினார். தசை உடைந்தால் அதிலுள்ள பொட்டாசியமும் வெளியே வரும். அதை வெளியேற்ற சிறுநீரகமும் இல்லை. அதே காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்ப்பன் என்ற சிறு ஊரில், வில்லெம் கோல்ஃப் தன் முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்தார். 1945-ல்தான் அதனால் ஒரு நோயாளி பிழைத்தார். பிறகு கொரியப் போரில், 1952 முதல், காயம்பட்டுச் சிறுநீரகம் நின்றுபோன அமெரிக்கப் படைவீரர்களின் பொட்டாசியத்தை இறக்க இதே வகை இயந்திரம் போர்முனைக்கு அருகிலேயே ஓடியது.

நான்கு நாள் இடைவெளி

டயாலிசிஸ் செய்துகொண்டால் கவலை இல்லை என்று நோயாளிகள் பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் உண்மை தெரியும். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று 70 முதல் 100 மில்லிமோல் வரை, அதாவது சுமார் 3 முதல் 4 கிராம் வரை, பொட்டாசியத்தை எடுக்கும். கட்டுப்பாடாகச் சாப்பிடுபவரும் ஒரு நாளைக்கு 2 கிராம் உண்பார். வாரத்துக்கு 14 கிராம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் 9 முதல் 12 கிராம் போகும். மீதியைக் குடல் பார்த்துக்கொள்ளும். சாதாரணமாக உண்ணும் பொட்டாசியத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் குடல் வெளியேற்றும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயரலாம்.

ஆனால் இந்தியாவில் பெரும்பாலானவர்கள் வாரம் இரண்டு முறைதான் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். இரண்டு முறையில் போவது 6 முதல் 8 கிராம். குடலின் பங்கைக் கூட்டினாலும் கணக்கு இடிக்கிறது. இன்னும் கொஞ்சம் சிறுநீர் வருபவர்கள் தப்பிக்கிறார்கள். அதுவும் வற்றியவர்கள் தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியையும் எண்ணவேண்டியிருக்கிறது.

திங்கள், வியாழன் என்று போகிறவருக்கு ஒரு பக்கம் மூன்று நாள், மறுபக்கம் நான்கு நாள் இடைவெளி. இந்த நீண்ட இடைவெளியின் கடைசி நாள்தான் ஆபத்தானது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கும் அமெரிக்காவில் 32,065 பேரை ஆராய்ந்து 2011-ல் வெளியான கட்டுரை இதைப் புள்ளிவிவரத்தோடு காட்டியது. அங்கே நீண்ட இடைவெளி என்பதே டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள்தான். அதற்கு அடுத்த நாளில் மரண விகிதம் 100 பேருக்கு ஆண்டுக்கு 22.1; மற்ற நாட்களில் 18. அந்த இடைவெளிக்கே இந்த வித்தியாசம் என்றால் அதைவிட நீண்ட இடைவெளிக்கு எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இந்த இடைவெளி இன்னும் நீண்டது. பஸ் இல்லை, ரயில் இல்லை. சில மையங்கள் மூடப்பட்டன. நாட்டின் 19 பெரிய மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த 2,517 பேரின் நிலையைச் சிறுநீரக மருத்துவர்கள் திரட்டினார்கள். சுமார் 710 பேர் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார்கள். 69 பேருக்கு அவசர டயாலிசிஸ் தேவைப்பட்டது. 104 பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இறந்தது உறுதியானவர்கள் 9 பேர். வராமல் போன 104 பேருக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை.

சமையலறையில் பாதி வைத்தியம்

வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு, உலர்ந்த பழங்கள், கொட்டை வகைகள் என்று பட்டியல் நீளும்போது வீட்டுப் பெண்களின் கேள்வி ஒன்றுதான்: பின் எதைத்தான் சமைப்பது? வழி இருக்கிறது. காயையும் கிழங்கையும் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். கீரை வெந்த நீரிலும் பருப்புத் தண்ணீரிலும் சத்து இருக்கிறது என்று காலம்காலமாகச் சொல்லப்பட்ட பாடத்தை இந்த ஒருவருக்காக மட்டும் மறக்கவேண்டும். ஆப்பிள், கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகியவற்றில் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உணவு நிபுணர் அவரவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு பழம் மட்டும் எந்த அளவிலும் கூடாது. நட்சத்திரப் பழம் என்றும் தமரத்தங்காய் என்றும் சொல்லப்படும் ஐந்து விளிம்புள்ள புளிப்புப் பழம் அது. அதில் பொட்டாசியத்தோடு கேரம்பாக்சின் என்ற நரம்பு விஷமும் இருப்பதைப் பிரேசில் விஞ்ஞானிகள் 2013-ல் கண்டுபிடித்து அறிவித்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிரே போகலாம்.

இன்னொரு ஆபத்து ஆரோக்கியம் என்ற பெயரிலேயே கடைக்கு வருகிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் பாக்கெட்டுகளில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. பொதுமக்களுக்கு இது நன்மையே. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தைக் குறைக்கிறது என்று சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் காட்டியது. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தபோது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று சொன்னது. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று மகன் வாங்கிவரும் பாக்கெட் அப்பாவுக்கு ஆகாது என்பதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

அதற்காகச் சிறுநீரகத்தில் சிறு கோளாறு என்றதுமே பழத்தையும் காயையும் ஒதுக்குவதும் தவறு. நோயின் ஆரம்ப நிலையில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குத்தான் சற்று முன்னதாகவே ஏறும். காயும் பழமும் குறைந்தால் மலச்சிக்கல் வரும். குடல் வழியே போகும் பொட்டாசியமும் தங்கிவிடும். ரத்தத்தின் எண் ஏறியவர்களுக்கே கட்டுப்பாடு. மேலும், வயிற்றின் உட்சவ்வு வழியாகச் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸில் தினமும் பொட்டாசியம் போய்க்கொண்டே இருப்பதால் அது குறைந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும். இயந்திர டயாலிசிஸிலிருந்து இதற்கு மாறியவர் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருந்தால் இதயத்துக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

தாகத்தின் கணக்கு

சோடியத்தின் கதை வேறு. அது ரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்கவேண்டும். உப்பை அதிகம் தின்றால் இந்த எண் உடனே ஏறிவிடுவதில்லை. தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், எண் சமமாகிவிடும். உடலில்தான் வெள்ளம் சேரும். சுமார் 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரை உடலில் நிறுத்திவைக்கும். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு சேரும் சாப்பாட்டில் அது எளிதாக இரண்டு மடங்காகும். கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, நள்ளிரவில் மூச்சு முட்டி உட்கார்ந்தபடி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளின் நுரையீரலில் நிற்பது இந்த நீர்தான். தண்ணீரைக் குறை என்று மட்டும் சொல்வது நாவறண்டவருக்குத் தண்டனை. உப்பைக் குறைத்தால் தாகம் தானே குறையும்.

சோடியம் எண் குறைந்திருப்பதைப் பார்த்து உப்பைக் கூட்டிச் சாப்பிடுவது இன்னொரு தவறு. சிறுநீரக நோயாளிக்குச் சோடியம் குறைவது பெரும்பாலும் உப்புப் போதாததால் அல்ல, நீர் அதிகமானதால். சில நீர் மாத்திரைகளாலும் குறையலாம், குறிப்பாக முதியவர்களுக்கு. தலைசுற்றல், தடுமாற்றம், குழப்பம் என்று வரும்போது வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை பாதிக்கப்படும். அதனால்தான் மருத்துவமனையில் அதை மணிக்கணக்குப் பார்த்து மெல்ல ஏற்றுகிறார்கள்.

பாஸ்பரஸும் கால்சியமும் ஆண்டுக்கணக்கில் அரிப்பவை. சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாமல் விட, வைட்டமின் டி-யையும் செயல்படும் வடிவுக்கு மாற்றாமல் விட, கால்சியம் குறையும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கும். எலும்பு வலிக்கும்; தோல் அரித்து இரவெல்லாம் தூக்கம் கெடும்; கால்சியம் எலும்பை விட்டு ரத்தக் குழாய்களில் படியும். தானியம், பருப்புகளில் உள்ள பாஸ்பரஸில் பாதியளவே உடலில் சேர்கிறது. கோலா பானங்களிலும் பதப்படுத்தப்பட்ட இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் பயன். வெறும் வயிற்றில் போட்டால் கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் சில நெஞ்செரிச்சல் மருந்துகளிலும் பேதி மருந்துகளிலும் உள்ள மக்னீசியமும் இவர்களுக்கு வெளியேறாது.

ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 22-க்குக் கீழே இறங்கினால் தசை கரையும், எலும்பு தேயும். பொட்டாசியமும் செல்லை விட்டு வெளியே வரும். இதற்கு மாத்திரை உண்டு. சமையல் சோடாவில் உள்ள அதே சோடியம் பைகார்பனேட்தான். லண்டனில் 134 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்ததாக 2009-ல் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதுவும் சோடியமே என்பதால் யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அடுப்படி டப்பாவை எடுத்துக் கலக்கிக் குடிப்பது கூடாது.

காக்கும் மருந்தே கவிழ்க்கும்

இந்த நோயில் மருந்துகளே இரண்டு பக்கமும் வெட்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரகத்தையும் காக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் பலவீனமான இதயத்தைத் தாங்குகிறது. இவை எல்லாமே பொட்டாசியத்தை உடலில் நிறுத்துபவை. ஸ்பைரோனோலாக்டோன் இதயநோயாளிகளின் ஆயுளை நீட்டுகிறது என்ற பெரிய ஆய்வு 1999-ல் வந்ததும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மருத்துவர்கள் அதை ஏராளமாக எழுதிக்கொடுத்தார்கள். ஏற்கெனவே முதல் வகை மருந்தில் இருந்த முதியவர்களில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-ல் அது 11 ஆனது. ஆய்வில் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை நடந்தது. வெளியே மாத்திரை போன வேகத்தில் பரிசோதனை போகவில்லை.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது புத்திசாலித்தனம் அல்ல. முற்றிய சிறுநீரக நோயாளிகளிடம் முதல் வகை மருந்துகளை நிறுத்திப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. நிறுத்தியதால் சிறுநீரகம் மேம்படவில்லை. தேவை, மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய ஓரிரு வாரங்களில் ஒரு பரிசோதனை. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோலும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. புதிதாக எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லவேண்டியது தனக்குச் சிறுநீரக நோய் என்பதை.

பரிசோதனை முடிவிலும் ஒரு பொறி உண்டு. ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறந்தாலோ, ரத்த அணுக்கள் உடைந்தாலோ, எடுத்த ரத்தம் பல மணி நேரம் பஸ்ஸில் பயணம் செய்து பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலோ பொட்டாசியம் இல்லாத உயரத்தைக் காட்டும். சந்தேகம் வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை அந்த எண் பொய் என்று வீட்டுக்குப் போய்விடவும் கூடாது, ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

உண்மையிலேயே ஏறியிருந்தால் செய்யவேண்டியதன் வரிசை தெளிவானது. முதலில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்குச் சில நிமிடங்களில் கவசம் போடும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தாங்கும். அந்த அவகாசத்தில் குளுக்கோஸோடு இன்சுலினும், ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியூட்டமால் புகையும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் விரட்டும். சில மணி நேரத்தில் அது திரும்பி வரும். அதற்குள் டயாலிசிஸில் வெளியேற்றிவிட வேண்டும். குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகும் பொடிகளும் உண்டு. பழையது பாலிஸ்டைரின் வகை. பாட்டிரோமரும் சோடியம் ஜிர்கோனியம் சைக்ளோசிலிகேட்டும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்தவை. இவற்றை நம்பி அவசர நேரத்தில் வீட்டில் காத்திருக்க முடியாது. கால்சியம் ஊசியும் இன்சுலினும் ஈ.சி.ஜி. கருவியும் சிறிய மருத்துவமனையிலும் இருக்கக்கூடியவை. டயாலிசிஸ் மையத்துக்கு நெடுந்தூரம் போகவேண்டியவருக்கு வழியில் கிடைக்கும் இந்த முதல் உதவிதான் உயிர்.

ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனையிலேயே இலவச டயாலிசிஸ் தரும் தேசியத் திட்டம் 2016-ன் மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2019-ல் பெரிடோனியல் டயாலிசிஸும் அதில் சேர்க்கப்பட்டது. முன்பு பெருநகரத்துக்கு ஓடியவர்கள் இன்று பக்கத்து ஊரில் படுக்கிறார்கள். இது சிறிய சாதனை அல்ல. ஆனால் வாரத்தின் 168 மணி நேரத்தில் இயந்திரத்தோடு இருப்பது எட்டு மணி நேரம். மீதி 160 மணி நேரம் நோயாளி தன் வீட்டில், தன் தட்டோடும் தாகத்தோடும் இருக்கிறார். அந்த நேரத்தைக் காப்பாற்றத் தேவையானவை விலை உயர்ந்தவை அல்ல. மாதம் ஒரு முறையாவது எலெக்ட்ரோலைட் பரிசோதனை, அதன் எண்ணை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல ஓர் ஆள், அந்த ஊரில் விளைவதையும் சமைப்பதையும் அறிந்து அந்த ஊர் மொழியில் எழுதிய ஓர் உணவுத் தாள், சிறுநீர் வற்றியவர்களுக்கு மூன்றாவது டயாலிசிஸ்.

சென்னையில் அச்சடித்த பட்டியல் ஸ்ரீகாகுளத்துக்கும், ஸ்ரீகாகுளத்தில் அச்சடித்தது அசாமுக்கும் பொருந்தாது. தென்னந்தோப்புக்காரரிடம் ஆரஞ்சுச் சாற்றைத் தவிர்க்கச் சொல்லிப் பயனில்லை. அவர் அதைக் குடிப்பதே இல்லை. வெயில் ஏறும் நேரத்தில் மகன் அன்போடு சீவி நீட்டும் இளநீரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் தெரிந்திருக்க வேண்டும். போன வாரம் தன் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்ற ஒரே ஓர் எண் அவருக்கு நினைவிருந்தால் போதும்.